முட்டை வடிவத்தில் செய்த கலைப்பொருட்களில் உங்களை அதிகம் கவர்ந்தது எது? ஏன்?

ரஷ்யாவில் ஃபேபர்ஜே என்ற நகைப் பட்டறையில் 1913-ல் செய்த பனிக்கால முட்டை. அதற்கு அடுத்த வருடம் அங்கேயே செய்த மொசைக் முட்டை. ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் எனக்குக் கஷ்டம். இரண்டையும் வடிவமைத்தவர் ஒருவரே, ஆல்மா பீல் என்ற பெண். அவரைப் பற்றி நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நான் பள்ளியில் ஓவிய ஆசிரியர். முகம் வரையக் கற்றுக்கொடுக்கும்போது முதல் நாள் முட்டை வடிவத்தில்தான் தொடங்குவேன். பெரும்பாலான பிள்ளைகள் நீள்வட்டம் போட்டுவிட்டு முட்டை என்று காட்டுவார்கள். நீள்வட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் அதே உருவம்தான். முட்டை அப்படி இல்லை. ஒரு பக்கம் அகன்றும் ஒரு பக்கம் குவிந்தும் இருக்கும்; அதற்கு மேல் கீழ் உண்டு. அந்தச் சின்ன வித்தியாசம் கைக்குப் பிடிபடவே பலருக்கு ஒரு வாரம் ஆகும்.

அப்புறம், முட்டை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பந்தைப் பார்த்து யாரும் உள்ளே என்ன என்று கேட்பதில்லை. அண்டம் என்ற சொல்லையே பாருங்கள், முட்டைக்கும் அதுதான், உலகம் மொத்தத்துக்கும் அதுதான். சாஞ்சி ஸ்தூபியின் அரைக்கோளப் பகுதிக்கும் அண்டம் என்றுதான் பெயர்.

சரி, ஃபேபர்ஜேவுக்கு வருகிறேன். ஈஸ்டருக்கு ஒருவருக்கொருவர் முட்டை கொடுப்பது ரஷ்யாவில் பழைய வழக்கம். 1885-ல் ஜார் மன்னர் மூன்றாம் அலெக்சாண்டர் தன் மனைவி மரியாவுக்காக ஃபேபர்ஜேவிடம் ஒரு முட்டை செய்யச் சொன்னார். பார்க்க வெறும் வெள்ளை எனாமல் ஓடு. திறந்தால் பொன்னில் மஞ்சள் கரு, அதைத் திறந்தால் ஒரு பொற்கோழி. அது பிடித்துப்போனதால் ஈஸ்டர்தோறும் முட்டை செய்வது வழக்கமானது. மகன் இரண்டாம் நிக்கோலஸ் பட்டத்துக்கு வந்த பிறகு அம்மாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. 1916 வரை அரச குடும்பத்துக்கென மொத்தம் 50 முட்டைகள்.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். அவற்றில் பலவற்றில் நகை வேலைதான் கண்ணில் படுகிறது, முட்டை காணாமல் போய்விடுகிறது. மாலையும் தோரணமும் உருவப்படமும் அப்பி, வடிவத்தையே மூடிவிடுகிறார்கள். ஆல்மாவின் இரண்டும் அப்படி இல்லை.

அவர் பிறந்தது 1888-ல். தாய்வழித் தாத்தாவும் தாய்மாமாவும் ஃபேபர்ஜேவுக்கு நகை செய்து கொடுத்தவர்கள். மாமாவின் பட்டறையில் அவர் பார்த்த முதல் வேலை, செய்து முடித்த நகைகளைப் பதிவேட்டில் அப்படியே வரைந்து வைப்பது. ஓய்வு நேரத்தில் சொந்தமாகவும் வரைவார். எண்ணெய்த் தொழில் அதிபர் இம்மானுவேல் நோபல், தான் மற்றவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கச் சிறிய புரூச்சுகளை (உடையில் குத்திக்கொள்ளும் நகை) அவசரமாகக் கேட்டிருந்தார். கடுங்குளிர். பட்டறை ஜன்னல் கண்ணாடியில் உறைபனி பூப்பூவாகப் படர்ந்திருந்தது. ஆல்மா அதையே நகைக்கு வடிவமாக எடுத்துக்கொண்டார். பனிக்கால முட்டை அதிலிருந்துதான் வந்தது.

முட்டை முழுவதும் ஸ்படிகம். அதன்மேல் பிளாட்டினத்திலும் சின்னச் சின்ன வைரங்களிலும் உறைபனிக் கோலம். உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டி மாதிரி செதுக்கிய இன்னொரு ஸ்படிகத்தின்மேல் அது நிற்கிறது. திறந்தால் உள்ளே ஒரு சின்னக் கூடை நிறைய வெள்ளைப் பூக்கள், ரஷ்யக் காடுகளில் பனி விலகியதும் முதலில் பூக்கும் அனிமோன். ஈஸ்டர் வருவதும் அந்தப் பருவத்தில்தான். வெளியே குளிர்காலம், உள்ளே வசந்தம். இதை ஒரு பெட்டியிலோ கிண்ணத்திலோ செய்திருந்தால் இந்த அர்த்தம் வந்திருக்காது. முட்டையாக இருப்பதால்தான் உள்ளே ஒரு உயிர் காத்திருக்கிறது என்று தோன்றுகிறது. அதைச் செய்து முடித்தபோது ஆல்மாவுக்கு 24 வயது.

மொசைக் முட்டை அவருக்கு வீட்டிலேயே கிடைத்தது. மாமியார் கட்டத் துணியில் ஊசியால் பூ வேலை செய்துகொண்டிருந்தார். அதைக் கல்லில் செய்தால் என்ன என்று தோன்றியது. பிளாட்டினத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக வலை அறுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அளவெடுத்த மாதிரி மாணிக்கம், மரகதம், வைரம் என்று கற்களைப் பட்டை தீட்டிப் பதித்தார்கள். தூரத்தில் பார்த்தால் துணியில் தைத்த பூக்கள்தான்.

இதன் கஷ்டம் புரிய வேண்டுமானால் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கணக்கு நோட்டிலிருந்து கட்டம் போட்ட தாளைக் கிழித்து ஒரு பாட்டிலைச் சுற்றுங்கள், ஒழுங்காக உட்காரும். அதையே முட்டையில் சுற்றுங்கள், கசங்கி மடிந்துவிடும். பாட்டில் ஒரு பக்கம்தான் வளைகிறது. முட்டை எல்லாப் பக்கமும் வளைகிறது, அதுவும் இடத்துக்கு இடம் வேறு அளவில். பூமியை மடிப்பில்லாமல் தட்டையான வரைபடமாக்க முடியாததும் இதனால்தான். அப்படிப்பட்ட ஒரு பரப்பின்மேல் துணியின் கட்டங்களைக் கல்லில் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை அந்தப் படத்தைப் பார்க்கும்போதும் முனைப் பகுதிக்குத்தான் என் கண் முதலில் போகிறது.

இப்போது மொசைக் முட்டை பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் 1933-ல் வாங்கியது. பனிக்கால முட்டை பல கை மாறி, 2025 டிசம்பரில் லண்டன் ஏலத்தில் 2 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

ஆனால் என்னை உலுக்கியது விலை இல்லை. ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு ஃபேபர்ஜே நிறுவனமே இல்லாமல் போயிற்று. 1921-ல் ஆல்மாவும் கணவரும் பின்லாந்துக்குப் போய், கூசன்கோஸ்கி என்ற காகித ஆலை ஊரில் குடியேறினார்கள். அங்கே ஒரு பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் ஓவிய ஆசிரியராக இருந்தார். தான் யாருக்கு என்ன வடிவமைத்தேன் என்று ஊரில் பேசவே இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. 1976-ல் இறந்தார். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை வகுப்பில் நிஜ முட்டை ஓட்டைக் கொடுத்து வரையச் சொல்கிறேன். இரண்டு முனையிலும் ஊசியால் துளை போட்டு, ஊதி உள்ளே இருப்பதை வெளியேற்றிக் கழுவிக் காயவைத்த ஓடு. போன வருடம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதில் புள்ளிக் கோலம் போட்டாள். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. நடுவில் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள், முனைக்குப் போகப் போக நெருக்கிக்கொண்டே போயிருந்தாள். ஏன் அப்படி வைத்தாய் என்று கேட்டேன். “அங்க இடம் கம்மியாகுது சார், கோடு முட்டிக்கும்” என்றாள். அந்த ஓடு இன்னும் என் மேஜை டிராயரில் பஞ்சு சுற்றி இருக்கிறது.