வாசகர் கேட்டவை: பறக்கும் டக்சியின் சத்தமும் செலவும்

(பதில்: வளைகுடாவில் ஹெலிகொப்டர் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்ற கல்லடிவாசி)

கேள்வி: நிலைக்குத்தாக எழும் மின்சார விமானத்தைச் சத்தமில்லாமலும் மலிவாகவும் செய்ய முடியாதா? ஒன்றைத்தான் தெரிவுசெய்ய வேண்டுமா?
பொறியியல் மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: பாதி விடை வீட்டு முகட்டில் தொங்குது, மகள். முகட்டு விசிறி அகலம். ஆறுதலாகச் சுற்றும், சத்தமும் கரண்டும் கொஞ்சம். சின்ன மேசை விசிறி அதே காற்றுக்கு இரைந்து தள்ளும். விமானத்திலும் சுழலி வீசும் வட்டத்தின் பரப்பை இரட்டித்தால், அந்தரத்தில் நிற்கத் தேவையான வலு ஏறக்குறைய 30 வீதம் குறையும், சத்தமும் இறங்கும். இதுவரை இரண்டும் கூட்டாளிகள்.

சண்டை மறுகாதான். பெரிய சுழலி பாரம் கூட, இறங்க இடமும் கூடக் கேட்கும், முன்னோக்கிப் பறக்கையில் காற்றை மறிக்கும். சரி, வட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றும் வேகத்தைக் குறைப்போம். சத்தத்தின் ஆணிவேர் பிளேட் நுனியின் வேகம். சத்த வலு அந்த வேகத்தின் ஐந்தாம், ஆறாம் அடுக்கோடு ஏறும். நுனி வேகத்தில் 20 வீதத்தைக் குறைத்தால் 5, 6 டெசிபெல் இறங்கும். ஆனால் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தோடு போவதால், விட்டதைப் பிடிக்க பிளேட் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டும். அதே வலுவை ஆறுதலான சுற்றில் கொடுக்க முறுக்குவிசை 25 வீதம் கூட வேண்டும், மோட்டரின் பாரம் அதோடு ஏறும். பாரத்துக்குப் பற்றரி, பற்றரிக்கு மறுபடி பாரம். கடைசியில் நாலு பேர் போகவேண்டியதில் மூன்று பேர். டிக்கெட் விலை அந்த ஒற்றை இருக்கையில்தான் நிற்குது.

பறக்கும் டக்சி செய்யும் அமெரிக்காவின் ஜோபி நிறுவனம் ஆறு சுழலி, ஒவ்வொன்றிலும் ஐந்து பிளேட் என்று ஆறுதலான நுனியின் பக்கம் போனது. நாசாவோடு சேர்ந்து அளந்து, 500 மீற்றர் உயரத்தில் கடக்கும்போது தரையில் 45 டெசிபெல் என 2022இல் அறிவித்தது. ஜேர்மனியின் லிலியம் மறுபக்கம். பரிசோதனை விமானத்தில் 36 சின்ன விசிறிகளைக் கூட்டுக்குள் அடைத்தது. கூடு சத்தத்தை மறைக்கும், ஆனால் மொத்தப் பரப்பு சிறிது. எழும்பும்போது பற்றரியை உறிஞ்சி எடுக்கும். 2024இல் அந்த நிறுவனம் வங்குரோத்தானதுக்குக் காரணம் முதலீடு வற்றினதுதான். என்றாலும் அந்த வடிவத்தில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை வந்ததில்லை.

சத்தத்தைச் செலவுக் கணக்குக்கு வெளியே வைப்பவர்கள் ரோட்டோடைன் என்ற பழைய சுழலி விமானத்தைப் பார்க்கட்டும். பிரித்தானியாவின் ஃபெயரி நிறுவனம் செய்தது, 1957இல் முதலில் பறந்தது, 40 பேர் மட்டில் ஏற்றும். எழும்பும்போது பிளேட் நுனியிலேயே ஜெட் எரியும். ஆகவே பெரிய சுழலியைச் சுற்ற கியர்பொக்ஸ் தேவையில்லை. அந்தப் பெட்டியைக் கழற்றிப் பூட்டின ஆளுக்குத்தான் அதன் அருமை தெரியும்! நகர நடுவில் இறங்கத்தான் அதைச் செய்தார்கள். நுனி ஜெட்டின் அலறல் நகரத்துக்கே ஆகாது என்று பயந்தார்கள். ஒலியடக்கி தேடி அலைந்தார்கள், உறுதியான கட்டளைகளும் வரவில்லை, 1962இல் கைவிட்டார்கள்.

ஊரார் எதிர்த்து, நாளுக்கு இத்தனை தரம்தான் இறங்கலாம் என்று சட்டம் வந்தால், சும்மா நிற்கும் விமானத்துக்கும் கடன் வட்டி ஓடும், விமானிக்கும் சம்பளம் போகும். நானென்றால் ஆறுதலான நுனியையும் அதன் பாரத்தையும் ஏற்றுக்கொண்டு, அந்தரத்தில் நிற்கும் செக்கன்களை வெட்டுவேன். சத்தமும் பற்றரிச் சூடும் ஆகக் கூட உள்ளது அங்கேதான்.

கேள்வி: மட்டக்களப்பு - அம்பாறை பறக்கும் டக்சி வந்தால் எங்கே இறக்கலாம்?
வாசகர், ஆரையம்பதி

பதில்: நேர்கோட்டில் 45 கிலோமீற்றர் மட்டில், பெரும்பகுதி இறகில் மிதந்து போகும் பயணம், ஆகவே கணக்கு கெட்டதில்லை. இடம்தான் சிக்கல். வாவிக்கரை வெளியாகத் தெரியும், ஆனால் பொழுதுபட்ட பிறகு தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, சத்தத்தைக் கீழ்நோக்கி வளைத்து அக்கரை வரை கொண்டுபோகும். அதைவிட, ஹெலிச் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடின ஆக்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் காதை டெசிபெல் மீற்றரால் அளக்கேலாது. நகருக்குள் வேண்டாம், விமானநிலையத்திலேயே இறக்கலாம். வெள்ளத்தில் காரைதீவு - அம்பாறை வீதி மூழ்கினால் நோயாளியை ஏற்ற ஹெலியே போதும், அப்போது ஒருவரும் சத்தத்துக்குக் குறைசொல்லப் போவதில்லை.