சாட்டலாவியூ: கேட்டவையும் என் பதில்களும்

நின்டெண்டோவின் சாட்டலாவியூ பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, முதலில் இது என்ன மெஷின்? பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

தனி கன்சோல் இல்லை தம்பி. நின்டெண்டோவின் வீட்டு வீடியோ கேம் மெஷினான சூப்பர் ஃபாமிகாமுக்கு அடியில் பொருத்துகிற ஒரு கருவி. 1995 ஏப்ரல் 23 அன்று ஜப்பானில் வந்தது, ஜப்பானைத் தாண்டி எங்கும் விற்கவில்லை. வீட்டு மாடியில் சாட்டிலைட் டிஷ், டிவி பக்கத்தில் ட்யூனர், அதிலிருந்து இந்தக் கருவிக்கு ஒயர். குறிப்பிட்ட நேரத்தில் வானொலி நிகழ்ச்சி மாதிரி ஆட்டம் ஒளிபரப்பாகும், அந்த நேரத்தில் நீங்கள் மெஷினைப் போட்டு வைத்திருந்தால் இறங்கும், இல்லையென்றால் அடுத்த மறுஒளிபரப்பு வரை காத்திருக்க வேண்டும். சேமிப்பதற்கு 8 மெகாபிட் மெமரி பேக், அதாவது ஒரே ஒரு மெகாபைட். புது ஆட்டம் வேண்டுமென்றால் பழையதை அழித்தாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தால்தான் இதன் வரலாறு இவ்வளவு ஓட்டை விழுந்து கிடக்கிறது.

ஒளிபரப்பியது யார்? நின்டெண்டோவே சாட்டிலைட் வைத்திருந்ததா?

இல்லை. செயின்ட் கிகா என்ற சாட்டிலைட் வானொலி நிலையம். 1990இல் தொடங்கியது. கடல் அலை, காட்டு ஒலி, மெல்லிசை என்று விளம்பரமே இல்லாமல், கடலின் ஏற்ற இறக்கத்தை அனுசரித்து நிகழ்ச்சி போட்டவர்கள். கேட்க அழகாக இருந்தது, பணம் வரவில்லை. 1993இல் நின்டெண்டோ முதலீடு செய்து உள்ளே வந்தது, அதன் பலன்தான் சாட்டலாவியூ. 1999இல் நின்டெண்டோ விலகியது. 2000 ஜூன் 30 அன்று ஒளிபரப்பு நின்றது. அன்றோடு சர்வர் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை, மக்கள் வீட்டில் என்ன வைத்திருந்தார்களோ அவ்வளவுதான்.

சாட்டலாவியூவில் வந்த பிஎஸ் ஸெல்டா ஆட்டத்தை எமுலேட்டரில் (பழைய மெஷினைப் போல நடிக்கும் கணினி மென்பொருளில்) முடித்துவிட்டேன். அதுதான் காப்பாற்றிவிட்டார்களே, இன்னும் என்ன பாக்கி?

கோப்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள், அது பெரிய வேலைதான். ஆனால் 1995 ஆகஸ்டில் ஜப்பானில் ஒருவர் விளையாடியதும் நீங்கள் விளையாடியதும் ஒன்றில்லை. அது சவுண்ட்லிங்க் வகை ஆட்டம். நான்கு வாரம், வாரத்துக்கு ஒரு பகுதி. நீங்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே சாட்டிலைட் வழியாக நடிகர்களின் குரலும் இசையும் வந்துகொண்டிருக்கும், திரையில் கடிகாரம் ஓடும், ஒரு குறிப்பிட்ட நிமிடம் வந்ததும் கதைசொல்லி அறிவிக்க, நாடு முழுக்க எல்லோருடைய ஆட்டத்திலும் ஒரே நேரத்தில் குண்டுகள் தீராமல் கிடைக்கும். நேரம் முடிந்தால் ஆட்டம் முடிந்தது. அந்தக் குரலும் இசையும் மெமரி பேக்கில் ஏறவே இல்லை, காற்றோடு போய்விட்டன. இன்று நாம் கேட்கிற குரல் முழுக்க யாரோ அன்று வி.ஹெச்.எஸ். டேப்பில் பதிவு செய்து வைத்ததால் கிடைத்தது. அதை மறுபடி ஆட்டத்தோடு இணைத்து ரசிகர்கள் பதிப்புகள் செய்திருக்கிறார்கள், முடிந்தால் அதில் ஒருமுறை விளையாடுங்கள், ஏன் இதற்காக ஆட்கள் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று புரியும்.

இந்த மெஷின் விஷயத்தில் ஆட்டத்தின் கோப்பு பாதி வரலாறுதான் என்பேன். மீதிப் பாதி ஒலி, நேரம், நிகழ்ச்சி அட்டவணை.

ஜப்பான் ஏலத்தில் ஒரு மெமரி பேக் எடுத்தேன். வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்கலாமா சார்?

தயவுசெய்து போடாதீர்கள். சில ஆட்டங்களை இத்தனை முறைதான் தொடங்கலாம் என்று வரம்பு வைத்திருந்தார்கள், அந்தக் கணக்கு மெஷினில் இல்லை, பேக்கிலேயே ஆட்டத்தின் தலைப்புத் தகவலுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் அந்த இடம் மாறும். நீங்கள் ஆசையாக ஒருமுறை பார்த்தாலே 25 வருடமாக அப்படியே இருந்த தரவு மாறிப்போகும். முதலில் ரீடரில் வைத்து முழு பேக்கையும் டம்ப் எடுங்கள், அதாவது உள்ளே இருப்பதை அப்படியே கணினிக் கோப்பாக நகலெடுங்கள். ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையை வைத்துச் செய்கிற திறந்தமூல ரீடர்களே இதைப் படிக்கும். பின்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு இரண்டு மூன்று தடவை எடுத்து, செக்சம் (கோப்பைச் சரிபார்க்கும் எண்) ஒன்றாக வருகிறதா பாருங்கள். வேறு வேறாக வந்தால் தொடர்பு சரியில்லை, மறுபடி துடையுங்கள். எல்லாம் சரியாக வந்த பிறகு, அந்தக் கோப்பின் நகலை எமுலேட்டரில் ஓட்டுங்கள்.

விற்றவர் "காலி பேக்" என்று போட்டிருந்தார். அதை டம்ப் எடுத்து என்ன பயன்?

மெனுவில் காலி என்று காட்டுவதும் சிப்பில் காலியாக இருப்பதும் வேறு வேறு. பேக்கில் ஆட்டத்தை நீக்கும்போது பல நேரம் இடம் காலி என்று குறி மட்டும்தான் மாறும், உள்ளே இருக்கும் தரவு அடுத்தது அதன் மேல் எழுதப்படும் வரை கிடக்கும். பாதி அழிந்த ஆட்டத்தின் படங்களும் எழுத்துகளும் இப்படிக் கிடைத்தது உண்டு. அதனால் முழு 1 மெகாபைட்டையும் எடுங்கள், ஆட்டம் இருக்கிற பகுதியை மட்டும் வெட்டி எடுத்துச் சேமிக்காதீர்கள். அப்புறம், பேக்கின் ஸ்டிக்கரில் பழைய சொந்தக்காரர் கையால் எழுதிய பெயரோ தேதியோ இருந்தால் அதையும் போட்டோ எடுங்கள்.

டேப் ஒன்று சிக்கினால் எப்படி டிஜிட்டல் ஆக்குவது? மலிவான யுஎஸ்பி கேப்சர் போதுமா?

வேறு வழியே இல்லையென்றால் அதுவும் பரவாயில்லை, எதுவும் எடுக்காமல் விடுவதைவிட மேல். ஆனால் நல்ல விசிஆர், எஸ்-வீடியோ வெளியீடு, டைம் பேஸ் கரெக்டர் (சிக்னலின் நேரப் பிசகைச் சரிசெய்யும் கருவி) இருந்தால் படம் ஆடாது. இன்னும் தீவிரமாகப் போகிறவர்கள் வி.ஹெச்.எஸ். டீகோட் என்ற திறந்தமூல மென்பொருளுக்காக, டேப் ஹெட்டிலிருந்து வரும் ரேடியோ அலைவரிசை சிக்னலையே நேராகப் பதிவு செய்கிறார்கள். நாளை மென்பொருள் மேம்பட்டால் டேப்பை மறுபடி ஓட்டாமலே நல்ல படம் எடுக்கலாம். டேப்பில் பூஞ்சை வெள்ளையாகத் தெரிந்தால் விசிஆரில் போடவே கூடாது, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒரு தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: நொடிக்கு 30 பிரேமாக மாற்றி ஏற்றிவிடுகிறார்கள். சூப்பர் ஃபாமிகாம் நொடிக்குக் கிட்டத்தட்ட 60 படம் காட்டுகிற மெஷின், பாதியைத் தூக்கிப் போட்டால் ஆராய வருகிறவருக்குப் பாதிதான் கிடைக்கும். மூலப் பதிவை இன்டர்நெட் ஆர்கைவில் போடுங்கள், யூடியூபுக்குத் தனியாக ஒரு நகல் போகட்டும். இடையில் வரும் வானொலிப் பேச்சையும் விளம்பரத்தையும் வெட்டாதீர்கள். எந்த நாள் ஒளிபரப்பு என்று கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

சாட்டலாவியூவில் வந்த எஃப்-ஜீரோ பந்தய ஆட்டத்தின் தொலைந்த பாதைகளை வீடியோவிலிருந்தே மீட்டார்களாமே? அதை ஒரிஜினல் என்று சொல்லலாமா?

2023இல் நடந்தது. டேப்பில் பதிவான ஓட்டத்தை எடுத்து, திரையில் சாய்ந்து தெரிகிற தரையைக் கணினி வழியாக மேலிருந்து பார்க்கும் வரைபடமாகத் திருப்பி, மறுபடி ஓட்டுகிற பாதையாகக் கட்டினார்கள். பாராட்ட வார்த்தை இல்லை. ஆனால் இது மறுஆக்கம், டம்ப் இல்லை. கேமரா பார்க்காத மூலையில் என்ன இருந்தது என்பது ஊகம்தான். கோப்பின் பெயரிலேயே மறுஆக்கம் என்று எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் பத்து வருடம் கழித்து யாராலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

இதெல்லாம் சட்டப்படி சரியா? நின்டெண்டோ கேஸ் போடாதா?

உரிமை இன்னும் அந்தந்த கம்பெனிகளிடம்தான் இருக்கிறது, இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நிலைமையையும் பாருங்கள். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வுப்படி, அங்கே வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. நூலகங்கள் ஆராய்ச்சியாளர்களுக்கு இணையம் வழியாகத் திறந்துவிட அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் விதிவிலக்கு கேட்டார்கள், 2024 அக்டோபரில் அதுவும் நிராகரிக்கப்பட்டது. கடையிலும் கிடையாது, நூலகத்திலும் தூரத்திலிருந்து பார்க்க முடியாது என்றால் வரலாறு எழுதுகிறவர் எங்கே போவார்? எனக்கு இதில் கோபமே உண்டு. டோக்கியோவில் கேம் பிரிசர்வேஷன் சொசைட்டி போன்ற அமைப்புகள் முறையாகச் செய்கிறார்கள், அரிய பொருள் கையில் வந்தால் அவர்களை அணுகுவது நல்லது.

கம்பெனிகளே மறுவெளியீடு செய்தால் பிரச்சினை தீர்ந்ததே?

சாட்டலாவியூ ஆட்டங்களில் சில வந்திருக்கின்றன. ஃபயர் எம்ப்ளமின் அகானேயா கதைகள் 2010இல் நின்டெண்டோ டிஎஸ் கையடக்க மெஷினுக்கு வந்த ஆட்டத்துக்குள் புதிதாகச் செய்யப்பட்டன. ராடிகல் ட்ரீமர்ஸ் 2022இல் க்ரோனோ க்ராஸ் மறுபதிப்போடு வந்தது. சந்தோஷம். ஆனால் பெரிய பெயர் உள்ளவைதான் இப்படி வரும், வாராந்திர வினாடி வினாவையும் இணைய இதழ் மாதிரி ஒளிபரப்பிய பக்கங்களையும் எந்தக் கம்பெனி மறுவெளியீடு செய்யப் போகிறது?

வீட்டில் பழைய மீடியா வீடியோ கேமும் 9999-இன்-1 கார்ட்ரிட்ஜும் கிடக்கின்றன. அதற்கும் மதிப்பு உண்டா அக்கா?

(அண்ணன்தான், பரவாயில்லை.) கண்டிப்பாக உண்டு. சூப்பர் ஃபாமிகாமுக்கு முந்தைய நின்டெண்டோ மெஷினான ஃபாமிகாமின் நகல் மெஷின்கள்தான் நம்மூர்ப் பிள்ளைகளின் முதல் கன்சோல், அவற்றைப் பற்றி எழுத்தில் இருப்பது மிகக் கொஞ்சம். உள்ளே சிப் கறுப்புப் பசைக்கு அடியில் இருக்கும், சுரண்டிப் பார்க்காதீர்கள். பெட்டி, வாரண்டி கார்டு, கடை பில், மெனு திரை எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து எந்த ஊர், எந்த வருடம் வாங்கியது என்று குறித்து வையுங்கள்.

எனக்கு ஜப்பானிய மொழியும் தெரியாது, ரீடரும் இல்லை. நான் என்ன செய்யலாம்?

யாஹூ ஜப்பானின் ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையப்பக்கச் சேவை 2019 மார்ச் 31 அன்று மூடப்பட்டது, அதில் ரசிகர்கள் தொண்ணூறுகளில் எழுதிய பக்கங்கள் ஏராளம். இன்டர்நெட் ஆர்கைவ் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் மிஞ்சியிருக்கும் பழைய பக்கங்களைத் துழாவி, எந்தத் தேதியில் என்ன ஒளிபரப்பானது என்று ஒரு வரி கிடைத்தாலும் மூலப் பக்கத்தின் முகவரியோடு குறித்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புக் கருவியை வைத்தே தேதியையும் ஆட்டத்தின் பெயரையும் பிடித்துவிடலாம். ஜப்பானிய எழுத்தை அப்படியே நகலெடுத்துப் பக்கத்தில் வையுங்கள், கருவி பெயரைத் தப்பாகப் படித்திருந்தால் மொழி தெரிந்தவர் வந்து திருத்திக்கொள்வார். ரசிகர்கள் தொகுக்கும் ஒளிபரப்பு அட்டவணையில் இன்னும் நிறைய நாட்கள் வெறுமையாக இருக்கின்றன. 1998லிருந்து ஆரம்பியுங்கள், அந்தப் பக்கம்தான் ஆள் குறைவு.