டிஸ்க் இமேஜ் ஓடாமல் நின்றால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டில் ஒரு சின்ன கம்ப்யூட்டரில் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் போட்டு, டிவிக்குப் படமும் பாட்டும் அனுப்பும் மீடியா சர்வராக வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ, பிள்ளைகளின் பள்ளி விழா என்று எங்களிடம் இருந்த பழைய டிவிடிகளை எல்லாம் ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்து அதில் ஏற்றினேன். டிவியில் போட்டால் ஒன்று பத்து நொடி ஓடி நின்றுவிடுகிறது. இன்னொன்று எப்போது போட்டாலும் 42-வது நிமிடத்தில் நிற்கிறது. மூன்றாவது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சர்வரே விழுந்துவிடுகிறது. வீட்டில் வேறு யாராவது பாட்டு கேட்டுக்கொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து நிற்கிறது. லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் மூன்றுமே ஓடுகின்றன. சர்வரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டும் மாற்றமில்லை. எதில் கோளாறு, சார்?

பதில்: சர்வரை இன்னொரு முறை அழித்துப் போட வேண்டாம். எது எங்கே நிற்கிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. “ஐஎஸ்ஓ ஓடவில்லை” என்று மட்டும் எழுதினால் எனக்கு ஒன்றும் புரியாது. உங்களுக்கு இருப்பது ஒரு கோளாறு இல்லை, மூன்று. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலில் ஒரு விஷயம். ஐஎஸ்ஓ என்பது வீடியோ ஃபைல் இல்லை. டிஸ்க்கில் இருந்ததை ஒவ்வொரு செக்டராக (தகவல் பதிவாகும் சின்னத் துண்டு), வரிசை மாறாமல் எடுத்து வைத்த நகல், அதாவது டிஸ்க் இமேஜ். அதற்குள் ஒரு முழு ஃபைல் சிஸ்டம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அதை மவுன்ட் செய்து (டிஸ்க்கையே போட்டது போல இணைத்து) திறந்து பாருங்கள். விடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டர் தெரியும். அதற்குள் ஐஎஃப்ஓ, பியுபி, விஓபி என்று மூன்று வகை ஃபைல்கள். படமும் ஒலியும் விஓபியில். எந்த விஓபிக்குப் பின் எது, மெனு எது, அத்தியாயம் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கெல்லாம் ஐஎஃப்ஓவில். பியுபி அந்த ஐஎஃப்ஓவின் மாற்றுப் பிரதி. ஒரு விஓபி 1 ஜிபிக்கு மேல் போகாது. அதனால்தான் ஒரே கல்யாண வீடியோ நான்கைந்து துண்டாகக் கிடக்கிறது.

இப்போது உங்கள் முதல் டிஸ்க். விஎல்சி ஐஎஸ்ஓவைத் திறந்ததும் ஐஎஃப்ஓவைப் படித்து, ஒரு டிவிடி பிளேயர் செய்வதை அப்படியே செய்கிறது. மீடியா சர்வர்கள் அப்படி இல்லை. அவை பின்னால் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியை நம்பி இருக்கின்றன. அந்தக் கருவிக்கு டிவிடியை டிவிடியாகவே படிக்கும் திறன் 2024-இல் வந்த 7.0 பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவும் அந்த வசதியை இணைத்துத் தயாரித்திருந்து, சர்வரும் அதைப் பயன்படுத்தினால்தான் உண்டு. இல்லாவிட்டால் ஐஎஸ்ஓ முழுவதையும் ஒரே நீளமான வீடியோ என்று எடுத்துக்கொண்டு தலையிலிருந்து ஓட்டத் தொடங்கும். தலையில் இருப்பது மெனு. பூ விழுந்து, மணமக்கள் பெயர் மின்னி, பின்னணியில் இசை வரும் அந்தப் பத்து நொடிதான் நீங்கள் பார்ப்பது. அது முடிந்து உண்மையான வீடியோ வரும் இடத்தில் நேரக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. சர்வர் குழம்பி நிறுத்திவிடுகிறது. டிஸ்க் சரி, நகலும் சரி. அந்த ஐஎஸ்ஓவை மேக்எம்கேவி என்ற மென்பொருளில் திறந்தால் உள்ளே இருக்கும் தலைப்புகளை நீளத்தோடு வரிசையாகக் காட்டும். மிக நீளமானதை மட்டும் டிக் செய்து எம்கேவி என்ற ஒற்றை வீடியோ ஃபைலாக எடுத்துவிடுங்கள். படமும் ஒலியும் துளியும் மாறாது. உறை மட்டும்தான் மாறுகிறது. இந்த டிஸ்க்குக்கு இவ்வளவுதான்.

இரண்டாவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒரே நிமிடத்தில் திரும்பத் திரும்ப நிற்கிறது என்றால் அந்த இடத்தில் நகலிலேயே பழுது என்று எடுத்துக்கொள்ளலாம். விஎல்சியில் 41-வது நிமிடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பாருங்கள். பச்சையும் சாம்பலுமாகக் கட்டங்கள் தெறித்து, படம் ஒரு துள்ளுத் துள்ளி அப்பால் போகும். விஎல்சி பழுதைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. சர்வர் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. அதனால் “விஎல்சியில் ஓடுகிறது” என்பதை வைத்து ஃபைல் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

எழுதும் டிவிடியில் தகவல் பதிவாவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் சூடும் பட்டால் அது வருடா வருடம் மங்கும். இன்று ஒரு செக்டர் படிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் இன்னும் பல படிக்காது. எனவே மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு முதலில் அந்த மூல டிஸ்க்கைத் தேடி எடுங்கள். மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. அப்புறம் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் மறுபடி நகல் எடுங்கள். சாதாரண நகல் மென்பொருள் பழுதான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், அல்லது சத்தமில்லாமல் பூஜ்யங்களை நிரப்பிவிட்டு “முடிந்தது” என்று சொல்லிவிடும். டிடிரெஸ்க்யூ அப்படிச் செய்யாது. படிக்க முடிந்த பகுதிகளை எல்லாம் முதலில் வாரி எடுத்துக்கொண்டு, சிரமமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு மேப் ஃபைலில் எழுதி வைக்கும். செக்டர் அளவை 2048 என்று கொடுத்துத் தொடங்குங்கள். ஒரு டிரைவில் விட்டுப்போனதை வேறொரு டிரைவில் அதே மேப் ஃபைலோடு தொடரலாம். ஏற்கெனவே கிடைத்ததை அது தொடாது, ஓட்டையை மட்டும் நிரப்பும். ஒரு டிரைவ் கைவிட்ட செக்டரை இன்னொன்று சாதாரணமாகப் படித்துவிடுவது உண்டு. உறவினர் வீட்டில் பழைய லேப்டாப்பில் டிரைவ் இருந்தால் வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

ஒருவேளை பழுது ஐஎஃப்ஓவில் மட்டும் இருந்தால் வேலை சுலபம். ஃபோல்டரை வெளியே நகலெடுத்து, அதே எண் கொண்ட பியுபியின் நீட்சியை (பெயரில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை) ஐஎஃப்ஓ என்று மாற்றி வையுங்கள். இதற்காகத்தான் அந்தப் பிரதியையே டிஸ்க்கில் எழுதி வைக்கிறார்கள்.

மூன்றாவது: ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில், சர்வரோடு சேர்ந்து விழுவது. இதில் ஃபைலைச் சந்தேகிக்க வேண்டாம். டிவிடியில் இருப்பது எம்பெக்-2 வீடியோ. 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாகப் பிரித்தது. டிவியில் இருக்கும் ஆப் இதை நேரடியாக ஓட்ட முடியாது என்று சொன்னால் சர்வர் அந்த இடத்திலேயே வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். அதுதான் டிரான்ஸ்கோடிங். மாற்றிய துண்டுகள் ஒரு தற்காலிக ஃபோல்டரில் குவிந்துகொண்டே போகும். அந்த ஃபோல்டர் இயங்குதளம் இருக்கும் சின்ன எஸ்எஸ்டியில் இருந்தால் இடம் தீரும். வேகத்துக்காக யாரோ சொன்னார்கள் என்று ரேமில் வைத்திருந்தால் நினைவகம் தீரும். லினக்ஸில் நினைவகம் தீர்ந்ததும் அதிகம் சாப்பிடும் நிரலை இயங்குதளத்தின் மையமான கெர்னலே கொன்றுவிடும். சர்வரை டாக்கர் என்ற மென்பொருளுக்குள் தனிப்பெட்டியாக ஓட்டுபவர்கள், அது நின்றபின் வெளியேறும் எண் (எக்ஸிட் கோட்) 137 என்று பார்த்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

படம் ஓடும்போது பக்கத்தில் லேப்டாப்பில் சர்வரைத் திறந்து, அந்தத் தற்காலிக ஃபோல்டரின் அளவையும் மீதி ரேமையும் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒன்று ஏறிக்கொண்டே போகும், அல்லது இன்னொன்று இறங்கிக்கொண்டே போகும். அமைப்புகளில் பிளேபேக் பகுதியில் அந்த ஃபோல்டரைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றுங்கள். தேவைக்கு மேல் முன்கூட்டியே ஓடிவிடாமல் டிரான்ஸ்கோடிங்கைக் கட்டுப்படுத்தும் வசதியும் அங்கேயே இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் விழுகிறதா? ஹார்டுவேர் முடுக்கத்தை (மாற்றும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கும் வசதி) நிறுத்திவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள். விழாவிட்டால் கிராஃபிக்ஸ் டிரைவர்தான் காரணம். சப்டைட்டில் இருக்கும் டிஸ்க்காக இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள். டிவிடியின் சப்டைட்டில் எழுத்து இல்லை, படம். ஆப் அதைத் தானே காட்ட முடியாவிட்டால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒட்டித் தரும் வேலையும் சர்வர் தலையில்தான் விழும்.

என் கருத்தைக் கேட்டால், ஐஎஸ்ஓவைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் சர்வரின் லைப்ரரியில் வைக்க வேண்டாம். லைப்ரரி தொடாத தனி ஃபோல்டரில் அது இருக்கட்டும், பார்ப்பதற்கு எம்கேவி. எம்கேவியும் டிவியில் திணறினால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ஒரே ஒரு முறை எச்.264 என்ற வீடியோ வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது, இரண்டு பாதிகளாக இருக்கும் படத்தை முழுப் படமாக்கும் டீஇன்டர்லேஸ் வசதியை இயக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கை வீசும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு நிற்கும். அதன் பிறகு தினமும் உட்கார்ந்து மாற்றும் சுமை சர்வருக்கு இல்லை. நான் சொல்வது உங்கள் சொந்தப் பதிவுகளுக்கு. கடையில் வாங்கிய படங்களில் நகல் தடுப்புப் பூட்டு இருக்கும், அதற்குச் சட்டமும் வேறு.

கேள்வி: பிளெக்ஸ் மீடியா சர்வரில் ஐஎஸ்ஓ ஃபைல் பட்டியலிலேயே வரவில்லை. பெயர் வைத்ததில் தவறா?

பதில்: பெயரில் தவறில்லை. பிளெக்ஸ் ஐஎஸ்ஓவையும் விடியோ_டிஎஸ் ஃபோல்டரையும் ஏற்பதில்லை. எம்கேவியாக மாற்றிக் கொடுங்கள், வந்துவிடும். மெனுவோடுதான் பார்க்க வேண்டும் என்றால் டிவியோடு இணைத்த பெட்டியில் கோடி பிளேயரைப் போட்டு அதில் ஐஎஸ்ஓவைத் திறக்கலாம்.

கேள்வி: பழைய விசிடிகளையும் அதே போல ஐஎஸ்ஓவாக எடுத்தேன். டிவிடிகள் ஓடுகின்றன, விசிடி ஒன்றுகூட ஓடவில்லை. எல்லா விசிடியும் கெட்டுப்போயிருக்குமா?

பதில்: கெடவில்லை, பயப்படாதீர்கள். விசிடியை ஐஎஸ்ஓவாக எடுக்கவே கூடாது.

சிடியில் ஒரு செக்டர் மொத்தம் 2352 பைட். சாதாரண டேட்டா சிடியில் அதில் 2048 பைட் தகவல். மீதியில் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்கு. விசிடியை வடிவமைத்தவர்கள் வீடியோவில் ஒரு புள்ளி கெட்டாலும் பரவாயில்லை என்று அந்தக் கூடுதல் பாதுகாப்பை விட்டுக்கொடுத்து, ஒவ்வொரு செக்டரிலும் 2324 பைட் வீடியோவை நிரப்பினார்கள். அதனால்தான் ஒரு சிடியில் 74 நிமிடப் படம் கொள்கிறது. ஐஎஸ்ஓவோ செக்டருக்கு 2048 பைட் என்ற கணக்கு மட்டுமே அறிந்தது. ஒவ்வொரு செக்டரின் வாலையும் வெட்டிவிட்டு எழுதினால் வீடியோ எப்படி ஓடும்?

மூல டிஸ்க்குகளைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நகல் மென்பொருளில் பின்–க்யூ என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்து மறுபடி எடுங்கள். அது 2352 பைட்டையும் அப்படியே எடுக்கும். அதிலிருந்து சுத்தமான எம்பெக் ஃபைலைப் பிரித்தெடுக்க விசிடிஇமேஜர் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. சர்வருக்கு அந்த எம்பெக்கைக் கொடுங்கள். படம் 352-க்கு 288 புள்ளிதான், பெரிய டிவியில் மங்கலாகத்தான் தெரியும். அது உங்கள் நகலின் குறை இல்லை.

கேள்வி: கம்ப்யூட்டரில் முழுதாக ஓடும் ஐஎஸ்ஓ, மீடியா பிளேயர் பெட்டி வழியாகப் பென் டிரைவில் நகலெடுத்தால் கடைசிப் பகுதி இல்லாமல் நிற்கிறது.

பதில்: பென் டிரைவ் ஃபேட்32 என்ற ஃபார்மட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. நிறைய எழுதிய ஒற்றை அடுக்கு டிவிடி அதைத் தாண்டும், இரட்டை அடுக்கு என்றால் 8.5 ஜிபி வரை போகும். கம்ப்யூட்டராக இருந்தால் முதலிலேயே முடியாது என்று சொல்லிவிடும். சில கருவிகள் சொல்லாமல் 4 ஜிபியோடு வெட்டிவிடும். உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள்.

கேள்வி: கேம்கோடரின் குட்டி டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டால் காலி டிஸ்க் என்கிறது, ஃபார்மட் செய்யவா என்றும் கேட்கிறது. கேமராவில் போட்டால் எங்கள் பெண்ணின் முதல் பிறந்தநாள் ஓடுகிறது.

பதில்: ஃபார்மட் வேண்டாம், தயவுசெய்து! அந்த டிஸ்க் ஃபைனலைஸ் ஆகவில்லை, அவ்வளவுதான். உள்ளடக்கப் பட்டியலை எழுதி மூடினால்தான் மற்ற டிரைவ்களுக்கு அது தெரியும். கேமரா வேலை செய்கிறதே, அதுவே பெரிய நிம்மதி. மின் இணைப்பில் செருகிவிட்டு (பேட்டரியை நம்பி இறங்காதீர்கள்) மெனுவில் ஃபைனலைஸ் என்பதைக் கொடுங்கள், முடியும்வரை அசைக்க வேண்டாம். கேமரா செத்துப்போனவர்களுக்கு ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் ஃபைனலைஸ் ஆகாத டிஸ்க்கையும் படிக்கப் பார்க்கும்.

கேள்வி: எடுத்து வைத்த ஐஎஸ்ஓ நாளைக்கும் இப்படியே இருக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஃபைலுக்கு எஸ்எச்ஏ-256 செக்சம் (ஃபைலின் கைரேகை போன்ற ஒரு குறியீடு) எடுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அதற்கான கட்டளை உண்டு. 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரி வரும்; ஐஎஸ்ஓவின் பக்கத்திலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒட்டி வையுங்கள். முடிந்தால் அதே டிஸ்க்கை இன்னொரு டிரைவில் படித்து அதன் செக்சமையும் ஒப்பிடுங்கள், இரண்டும் ஒன்றாக இருந்தால் நகல் சரியாக வந்திருக்கிறது என்று நம்பலாம். ஃபைலை வேறு ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றும்போதெல்லாம் செக்சமை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த நகலை விட்டுவிட்டு இரண்டாவது ஹார்டு டிஸ்க்கில் இருப்பதிலிருந்து எடுக்க வேண்டியதுதான். இரண்டாவது நகல் இல்லையென்றால் இன்றே ஒன்று போட்டு வையுங்கள்.