மாட்டுக்கு வெட்டுக்காயமா, முள்கம்பி கிழித்ததா? காயத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

கேள்வி இதுதான்: மேயப் போன மாடு பின்தொடையில் பெரிய காயத்தோடு திரும்பியிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அரிவாளால் வெட்டிவிட்டார் என்று மாட்டுக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். அவரோ முள்கம்பி வேலியில் கிழித்துக்கொண்டது என்கிறார். கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்ல முடியுமா, அது கோர்ட்டில் நிற்குமா?

பெரும்பாலும் சொல்ல முடியும். அரசு கால்நடை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன், இப்படிப்பட்ட மாடுகள் அடிக்கடி வரும். ஆனால் எங்களிடம் வந்து சேரும்போது காயம் காயமாக இருக்க வேண்டும். மஞ்சளைக் குழைத்து அப்பி, வேப்பெண்ணெய் ஊற்றி, மேலே சுண்ணாம்பும் தடவிக் கூட்டி வந்தால், பார்க்க வேண்டியதில் பாதி அப்போதே போய்விடும்.

மனிதர்களின் காயத்துக்கும் மாட்டின் காயத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் முடி. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அரிவாள் இறங்கிய இடத்தில், காயத்தின் இரண்டு ஓரங்களிலும் முடி ஒரே கோட்டில் சீராக நறுக்கப்பட்டிருக்கும். முள்கம்பி என்றால் சில முடி வேரோடு பிடுங்கி வந்திருக்கும், சில பாதியில் அறுந்து பிசிறாக இருக்கும். அப்புறம் காயத்தின் உதடுகளை விரலால் மெதுவாக விலக்கி லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். கிழிந்த காயத்தில் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடுவே மெல்லிய நார் போலச் சதையிழைகள் அறுபடாமல் நிற்கும். கூரான ஆயுதம் அவற்றை மிச்சம் வைக்காது. வெட்டு ஆழமாகப் போயிருந்தால் அடியில் எலும்பிலும் ஒரு கோடு விழுந்திருக்கும். முள்கம்பி அதைச் செய்யாது. கம்பி கிழித்த மாட்டில் பெரிய காயத்துக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னக் கீறல்கள் ஒரே திசையில் ஓடும்.

மாட்டைச் சமதரையில் நிற்க வைத்துத் தரையிலிருந்து காயம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் அளந்து எழுதுவேன். வேலிக்கம்பி அந்த உயரத்தில் இருக்கிறதா, முள்ளில் முடி சிக்கியிருக்கிறதா என்று போலீஸ் போய்ப் பார்க்க வேண்டும். முடி சிக்கியிருந்தால் தோட்டத்துக்காரர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம்.

ஏமாற்றும் இடங்களும் உண்டு. நெற்றி, முழங்காலுக்குக் கீழே, இடுப்பு எலும்பு முனை என்று தோலுக்கு அடியில் உடனே எலும்பு இருக்கும் இடங்களில், தடியால் அடித்தாலும் தோல் நேர்க்கோட்டில் பிளந்துகொள்ளும். பார்த்தால் கத்தி வெட்டு மாதிரியே இருக்கும். அங்கே முடி நறுக்கப்பட்டிருக்காது, நசுங்கி உள்ளே போயிருக்கும். ஓரங்களில் ரத்தம் கட்டியிருக்கும்.

இதைவிட அதிகமாக ஊர்ச்சண்டையைக் கிளப்புவது ஆசிட் புகார். கறுப்பு வெள்ளைக் கலப்பினப் பசு ஒன்றைக் கொண்டுவருவார்கள், தோல் உரிந்து தொங்கும், யாரோ ஆசிட் ஊற்றிவிட்டார்கள் என்பார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் வெள்ளைத் திட்டுகளில் மட்டும்தான் தோல் வெந்திருக்கும். கறுப்பு தொடங்கும் கோட்டில் சட்டென்று நின்றிருக்கும். எந்த ஆசிட்டும் நிறம் பார்த்து நிற்காது. கண்ணிமையைப் புரட்டினால் மஞ்சளாக இருக்கும், சாணி இறுகியிருக்கும். பெரும்பாலும் மாடு உண்ணிச்செடியைத் தின்றிருக்கும். அந்த நஞ்சு ஈரலைக் கெடுத்துவிட்டால், தீவனப் பச்சையம் சிதைந்து உண்டாகும் ஒரு பொருள் உடம்பைவிட்டு வெளியேறாமல் ரத்தத்தில் தங்கி, வெயில் பட்டதும் வெளிர்த்தோலைப் பொசுக்கிவிடும். உண்மையிலேயே ஆசிட் என்றால் முதுகிலிருந்து வயிற்றுப் பக்கம் வழிந்த தடம் தெரியும். அது வெள்ளை கறுப்பு இரண்டையும் கடந்து போகும். கழுவாமல் கொண்டுவந்தால் லிட்மஸ் தாளிலேயே முதல் தடயம் கிடைக்கும். கொதிநீர் ஊற்றியிருந்தால் முடி கருகாது, தோலோடு கழன்று வரும். தீ பட்டால்தான் முடி நுனி சுருண்டு கருகும். இந்த வேறுபாடு தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர் மேல் கேஸ் போட்டு, தலைமுறைப் பகையாக்கிக்கொண்ட குடும்பங்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எப்போது நடந்தது என்பதைச் சொல்வதுதான் கடினம். மனிதத் தோலில் அடிபட்ட இடம் நிறம் மாறுவதை வைத்து ஓரளவு பேசுவார்கள். மாட்டுத் தோல் தடிப்பு, நிறமும் முடியும் வேறு, வெளியே எதுவும் தெரியாது. செத்த மாடாக இருந்தால் தோலை உரித்து உட்புறத்தைப் பார்த்தால்தான் ரத்தக்கட்டே கண்ணில் படும். காயத்தின் ஓரத்தில் சின்னத் துண்டு எடுத்து ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால், எந்த வகைச் செல்கள் வந்து சேர்ந்திருக்கின்றன என்பதை வைத்துச் சில மணி நேரமா, சில நாளா என்று சொல்வார்கள். சில சமயம் ஆய்வகம்கூட வேண்டாம். இன்று காலைதான் வெட்டினான் என்று சொல்லிக் கொண்டுவரும் காயத்துக்குள் நன்றாக வளர்ந்த புழு நெளிந்தால், அது இன்று காலைக் காயம் இல்லை.

இனி சட்டம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கெடுதல் செய்யும் நோக்கத்தில் ஒரு விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, முடமாக்குவது, பயனற்றதாக்குவது எல்லாம் அதன் 325ஆவது பிரிவில் வரும். 5 ஆண்டு வரை சிறை உண்டு. பழைய இ.பி.கோ. 428, 429 பிரிவுகளின் இடத்தில் வந்தது இது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் மட்டும் வழக்குப் போட்டால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். ஒரு பசுவின் காலை வெட்டியவனுக்கு 50 ரூபாய் என்பது எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். அதனால் புகாரில் 325 வருகிறதா என்று பாருங்கள். ‘முடமாக்கியது’ என்ற சொல்லுக்காகவே, குதிநரம்பு அறுந்திருக்கிறதா, மாடு இனி சரியாக ஊன்றி நடக்குமா என்பதை மருத்துவர் காயச் சான்றிதழில் தெளிவாக எழுத வேண்டும். நீங்களும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

சான்றிதழில் யார் வெட்டினார் என்று இருக்காது. கூரான ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கலாம் என்றுதான் இருக்கும். போலீஸ் அரிவாளைக் கைப்பற்றிக் கொண்டுவந்தால், இதனால் இப்படி ஒரு காயம் உண்டாகுமா என்று தனியாகக் கருத்துச் சொல்வோம். நீதிமன்றத்துக்கு இது நிபுணர் கருத்து மட்டுமே. குறுக்கு விசாரணையில் காரணத்தைத்தான் கேட்பார்கள். முடி, ஓரம், ஆழம், அளவு என்று எழுதிவைத்த சான்றிதழ் நிற்கும், ‘வெட்டுக்காயம்’ என்று ஒரே வரியில் எழுதியது விழுந்துவிடும்.

உங்கள் மாட்டுக்கு ரத்தம் இன்னும் கசிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், வேறெதுவும் பூச வேண்டாம். போனில் முதலில் முழு மாட்டையும், காதுத் தோட்டின் 12 இலக்க எண் தெரியும்படி எடுங்கள். பிறகு காயத்தை, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்து மருத்துவருக்குக் கடிதம் வாங்குங்கள், ஆனால் கடிதம் வரட்டும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மருந்தகத்துக்குள் நுழையும்போதே ‘இது கேஸ் ஆகும்’ என்று சொல்லிவிடுங்கள். தையல் போடும் முன் சுற்றியுள்ள முடியை மழிக்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே தெரிந்தால், ஓரத்து முடியைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டு சீல் வைத்துவிட்டுத்தான் மழிப்போம்.