கொலாஜன் பவுடரும் குறுக்குப் பிணைப்பும்

கேள்வி: கொலாஜன் பவுடர் சாப்பிட்டால் தோலும் தசைநாண்களும் உறுதியாகுமா?

பதில்: தோலுக்கும் தசைநாண்களுக்கும் வலுத் தரும் புரதம் கொலாஜன். அது எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து உறுதியைச் சொல்லிவிட முடியாது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருப்பதுதான் முக்கியம். இந்தப் பூட்டுதான் குறுக்குப் பிணைப்பு. ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று இழை முறுக்கிய கயிறு. நீளம் சுமார் 300 நானோமீட்டர். பூட்டில்லாமல் வெறுமனே அடுக்கியிருந்தால் இழுத்ததும் வழுக்கி விலகிவிடும்.

பூட்டும் வேலை செல்லுக்கு வெளியே நடக்கிறது. லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி, கொலாஜனிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் முனையிலுள்ள அமினோ தொகுதியை, எளிதில் வினைபுரியும் ஆல்டிஹைடாக மாற்றும். பிறகு நொதியே வேண்டாம். அந்த ஆல்டிஹைடு பக்கத்து மூலக்கூறைத் தானே பற்றிக்கொள்ளும். முதலில் உருவாகும் பிணைப்பு இரண்டு முனை கொண்டது, எளிதில் பிரியக்கூடியது. அது நாளடைவில் முதிர்ந்து, பிரிடினோலின் போன்ற மும்முனைப் பிணைப்பாகும். காயம் மூடிய மூன்றாவது வாரத்தில் தோலுக்குப் பழைய வலுவில் ஏறத்தாழ 20 சதவீதம்தான் இருக்கும். 3 மாதத்தில் 80 சதவீதத்தை எட்டும். இந்தத் தாமதத்துக்குப் பிணைப்பு முதிர்வதும் ஒரு காரணம். தையல் பிரித்ததுமே பளு தூக்க வேண்டாம் என்பது அதனால்தான்.

திசுக்களுக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் என்ற புரதத்தில் பூட்டு இன்னும் அழகானது. நான்கு லைசின்கள் சேர்ந்து டெஸ்மோசின் என்ற ஒரே வளையமாகின்றன. அதனால்தான் தமனிச் சுவர் விரிந்தாலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

பவுடர் குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு பெப்டைடுகளாகவும் உடைந்துவிடும். பூட்டு அப்படியே தோலுக்குப் போகாது. லைசில் ஆக்சிடேஸ் வேலை செய்யத் தாமிரம் வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 0.9 மில்லிகிராம் போதும். கயிறு குலையாமல் நிற்க வைட்டமின் சி வேண்டும். குறை இருந்தால் அதை நிரப்புவது பயன் தரும். குறையில்லாதவர் கூடுதலாக விழுங்கினால் உறுதி கூடாது. துத்தநாக மாத்திரையில் கவனம் தேவை: நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நெடுநாள் எடுத்தால் தாமிரம் உட்கிரகிக்கப்படுவது குறையும்.

கேள்வி: பிணைப்பு நல்லதென்றால், வயதானால் உடல் விறைப்பது ஏன்?

பதில்: அது வேறு வகைப் பிணைப்பு. நொதியின்றி, சர்க்கரை கொலாஜனோடு வினைபுரிந்து கண்ட இடத்தில் உருவாகும் குளுகோசெபேன் போன்றவை அவை. குருத்தெலும்புக் கொலாஜன் வாழ்நாளில் மிகச் சொற்பமே புதுப்பிக்கப்படுவதால் அங்கே சேர்ந்துகொண்டே போகும். நீரிழிவில் இன்னும் வேகமாகச் சேரும். சேர்ந்ததை உடைக்கும் மருந்து இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இனிச் சேரும் வேகம் குறையும்.