உத்திரமேரூர் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறை என்றால் என்ன?

ஊர் நிர்வாகத்துக்கு ஆள் எடுக்கக் குடத்தில் ஓலை போட்டுக் குலுக்கும் முறைதான் குடவோலை. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இதன் விதிகள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921 என இரண்டு கல்வெட்டுகள்.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு மாதிரி, பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே இருப்பது அறியாத சிறுவன் ஒருவன் கைவிட்டு எடுப்பான். சீட்டுக் குலுக்கலில் வீட்டுக் குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வோமே, அதே யோசனை: எடுக்கும் கைக்கு யார் பெயர் என்று தெரியக்கூடாது. அப்படி வந்தவர்களில் இருந்து ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஆண்டு வாரியத்துக்கு 12 பேர். பதவி 360 நாள்.

ஏன் குலுக்கல்? பணமும் செல்வாக்கும் உள்ளவரே திரும்பத் திரும்ப உட்காராமல் இருக்க. கடந்த மூன்றாண்டில் பதவி வகித்தவர் வரமுடியாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் வரமுடியாது! இந்த ஒரு விதிக்காகவே கல்வெட்டைப் போய்ப் பார்க்கலாம்.

பலர் நினைப்பதுபோல் இது எல்லாரும் வாக்களித்த தேர்தல் அல்ல: 921 விதிப்படி சொந்த நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட பிராமண ஆண்களின் பெயர்தான் குடத்துக்குள் போனது.