இலவச பைத்தான் வகுப்பும் ஒரு தந்தையின் தயக்கமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சேலம் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இளங்கலைக் கணிதம் படிக்கும் உங்கள் மகள் கணினி நிரல் எழுதப் பயன்படும் பைத்தான் மொழியைக் கற்றுத்தர ஞாயிறுதோறும் நடக்கும் இலவச வகுப்பில் சேர விரும்புவதாகவும், காசு வாங்காமல் கற்றுத் தருவதில் என்ன தரம் இருந்துவிடும் என்று உறவினர்கள் கேட்பதால், நகையை அடகு வைத்தாவது தனியார் பயிற்சி மையத்தில் சேர்த்துவிடலாமா என்று நீங்கள் யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இப்போதைக்கு நகையை அடகு வைக்க வேண்டாம்.

இந்தத் துறையில் இலவசம் என்பது தரக்குறைவின் அடையாளம் அன்று. 1991-இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தான் மொழியையே எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். அப்படிக் கிடைத்ததை அடுத்தவருக்குச் சொல்லித் தருவது நிரலாளர்களிடையே ஊறிப்போன வழக்கம். ஆனால் இத்தகைய வகுப்புகளுக்கு உண்மையான ஒரு குறை உண்டு: வராதவரை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. முதல் வாரம் உட்கார இடமில்லாத வகுப்பு, இரண்டு மாதத்தில் நான்கைந்து பேராகச் சுருங்குவதைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். ஆகவே ஒரு ஞாயிறு நீங்களே சென்று பாருங்கள். மாணவர்கள் தாமே தட்டச்சு செய்கிறார்களா, பிழை வந்தால் ஆசிரியர் தாமே திருத்திக் கொடுத்துவிடாமல் அந்தப் பிழைச் செய்தியை அவர்களையே படிக்க வைக்கிறாரா என்று கவனியுங்கள். இந்த இரண்டும் இருந்தால் அது நல்ல வகுப்பு.

செலவு செய்வதானால் கணினிக்குச் செய்யுங்கள். பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிகூட நிரலின் பொருளை மாற்றிவிடும் என்பதால், கைபேசியின் சிறு திரையில் பழகுவது பெரும் அவதி. பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொண்டாலே தொடக்கப் பயிற்சிக்குப் போதும். வார நாள்களில் ஒரு மணி நேரமாவது உங்கள் மகள் அதில் உட்கார வேண்டும். வீட்டு வேலைகளில் அந்த ஒரு மணி நேரத்தை அவருக்கு விட்டுக்கொடுப்பது உங்கள் குடும்பத்தின் பங்கு.

நீங்கள் கொலுசுப் பட்டறை வைத்திருப்பதாக எழுதியது எனக்கு மிகவும் பயன்பட்டது. கொடுத்த வெள்ளி, திரும்பி வந்த கொலுசின் எடை, சேதாரம், கூலி என்று நீங்கள் நோட்டில் எழுதி வைக்கும் கணக்கை அவரே ஒரு நிரலாக எழுதட்டும். எடை தவறாகப் பதிவானால் என்ன செய்வது, பழைய கணக்கை எங்கே சேமிப்பது என்ற கேள்விகள் அப்போதுதான் எழும். அந்த நிரலை, நிரல்களைச் சேமித்துப் பிறருடன் பகிர உதவும் கிட்ஹப் தளத்தில் வைத்து, நேர்காணலில் வரிவரியாக விளக்க முடிந்தால், வெறும் சான்றிதழைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

சான்றிதழும் வேண்டுமெனில், ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் என்ற இணையவழிப் பாடங்களைக் கட்டணமின்றிப் படித்து, தேர்வுக்கு மட்டும் பணம் கட்டலாம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் தமிழ் விளக்கத்துடனும் பாடங்கள் உள்ளன. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வாராவாரம் இறங்கி வர முடியாத மாணவர்களுக்கும் நான் இதையே சொல்கிறேன். மாணவர்களின் திறனை வளர்க்கத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் உங்கள் மகளுக்கு எந்தப் பாடம் கிடைக்கும் என்பதைக் கல்லூரியிலேயே விசாரியுங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தக் கொலுசுக் கணக்கு நிரலுடன் இருவரும் என்னை வந்து பாருங்கள். கட்டணப் பயிற்சி தேவையா என்பதை அதைப் பார்த்த பிறகு முடிவு செய்வோம்.